துலாக்கோல் பிடிப்போர்

நூல்களோ எண்ணில, அவற்றைக் கற்பதற்கு நமக்கு வாய்த்த காலமோ சிறிது. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டத்தின் பயனாகத் தமிழ்நாட்டில் கிளை நூலகங்கள் பல்கின. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வாழும் மாணவர் ஒருவர் நூலகத்துள் நுழைவாராயின், அடுக்கடுக்காக நிற்கும் நூல்களுள் எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்று திகைத்தல் இயல்பே. அங்ஙனம் திகைப்போர்க்கு வழிகாட்டுவது மதிப்புரை. ஒரு நூலின் பொருளை அறிவித்து, அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கி உரைப்பதே மதிப்புரையாகும்.

நூலைச் சீர்தூக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. புலவர் அவையில் நூலை அரங்கேற்றுதல் பண்டை மரபு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்தினையும் அழகு பத்தினையும் வகுத்துரைத்தார். வேண்டியதைக் குறைத்துக் கூறுதல் குற்றம். வேண்டாததை மிகுத்துக் கூறுதலும் குற்றம் என்பது அவர் கருத்து.

அச்சுப்பொறி வந்தபின், புலவர் அவை செய்த பணியை இதழ்கள் ஏற்றன. 1959ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சி. சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கித் திறனாய்வுக்குச் சிறப்பிடம் தந்தார். அதில் எழுதியவருள் ஒருவர் க. நா. சுப்ரமண்யம். இருவரும் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆயினும் இருவர் நெறியும் வேறு. பிறமொழி இலக்கியங்களையும் பரக்கக் கற்ற க. நா. சு., அப்பயிற்சியால் விளைந்த சுவையுணர்வையே அளவுகோலாகக் கொண்டு, 'இது நன்று. இது நன்றன்று' எனத் தம் முடிபைச் சுருங்க மொழிவார். செல்லப்பாவோ முடிபு மட்டும் போதாது, காரணமும் வேண்டும் என்னும் கொள்கையினர். படைப்பின் சொல், நடை, அமைப்பு ஆகியவற்றைக் கூறுகூறாக அலசிக் காட்டுவது அவர் முறை. 1963ஆம் ஆண்டில் க. நா. சு. 'இலக்கிய வட்டம்' என்னும் தனி இதழைத் தொடங்கினார்.

வெங்கட் சாமிநாதன், திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு ஆகிய இளைஞர்கள் 'எழுத்து' இதழில் திறனாய்வாளராக வளர்ந்தனர். பலர் எள்ளி நகைத்த புதுக்கவிதையும் அங்கே புகலிடம் பெற்றது. எனினும், இதழால் பொருள் சேரவில்லை. செல்லப்பா தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றார். 1970ஆம் ஆண்டில் இதழ் நின்றது. அது வளர்த்த கவிதை நின்றுவிடவில்லை.

நண்பர் நூல் என்பதற்காகப் புகழ்தலும், பகைவர் நூல் என்பதற்காக இகழ்தலும் துலாக்கோலைச் சாய்ப்பதாகும். நடுநிலை பிறழாத திறனாய்வாளரும் சிற்சில வேளைகளில் பிழைபடக் கூடும். ஆனால், அவர் காரணம் காட்டியிருப்பின், அக்காரணத்தை நூலோடு ஒப்பிட்டு நாமே உண்மை காணலாம். காரணமற்ற புகழுரையோ நம்மை வெறுங்கையுடன் அனுப்பிவிடும்.

மாணவர்களே! அடுத்து நீங்கள் படிக்கும் நூலைப் பற்றிப் பத்து வரிகள் எழுதிப் பாருங்கள். 'நன்று' என எழுதினால், ஏன் நன்று என்பதையும் எழுதுங்கள்.