மலையில் தலை வலிப்பது ஏன்?

மாணவர்களே, 1,217 மீட்டர் உயரமுள்ள நம் ஜெராய் மலையில் ஏறினால் கால் வலிக்கும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையில் சிலருக்குத் தலையும் வலிக்கும், குமட்டும், தூக்கம் வராது. இதுதான் உயர்மலை நோய். பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் இது தொடங்கும்.

காரணம் என்ன? மலையுச்சியிலும் காற்றில் உயிர்வளி அதே 21 விழுக்காடுதான். ஆனால், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறைகிறது. 1997 மே 23இல் மலேசியர்களான எம்.மகேந்திரனும் என்.மோகனதாஸும் எட்டிய எவரெஸ்ட் உச்சியில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்!

உடல் இதற்குப் பழகும். முதலில் மூச்சு வேகமாகும். பிறகு சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன், எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். எவரெஸ்ட் ஏறுவோர் முகாம்களுக்கிடையே பலமுறை ஏறி இறங்குவது இதற்காகத்தான்.

நினைவில் கொள்ளுங்கள்:

1. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது.

2. தலைவலி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வழிகாட்டியிடம் சொல்லுங்கள்; மேலே ஏறாதீர்கள். விளையாட்டு வீரரையும் இந்நோய் தாக்கும்.

3. நடை தள்ளாடினாலோ, ஓய்வெடுக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

சிந்தனைக்கு: குரூனில் வாங்கிய நொறுக்குத்தீனிப் பொட்டலம், பிரிக்காமலே ஜெராய் மலைமேல் உப்புகிறது. ஏன்?