கோலாவில் பல் கரையுமா?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஏதாவது ஒரு மேசையில் கோலா டம்ளரும் அதற்குள் ஒரு பல்லும் இருக்கும். "ஒரு ராத்திரி ஊறினா கரைஞ்சிடும் சார்" என்று பிள்ளை ஒப்பிக்கும். மறுநாள் காலை டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: "அதனாலதான் நாங்க லெமன் சோடா மட்டும் குடிக்கிறோம்."

கரையாது. இந்தக் கதைக்கு வயது அதிகம். 1950இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே, கோலாவில் போட்ட பல் இரண்டே நாளில் மெத்தென்றாகிக் கரையத் தொடங்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 'இரண்டு நாள், தொடங்கும்' என்றது ஊர் ஊராகச் சுற்றி 'ஒரே ராத்திரி, முழுசாக' என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, வினிகரில் நுரைத்துக் கரையும் முட்டை ஓட்டைக் காட்டி "பல்லும் இப்படித்தான்" என்கிறார்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். பல்லின் மேலுறையான எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகை. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுதான். இரண்டும் ஒன்றா?

இரவு முழுக்க ஊறினால் மேற்பரப்பு மைக்ரான் கணக்கில் தாது இழந்து மிருதுவாகும், உண்மை. அதை ஆய்வகத்தில் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. பிடுங்கிய பல்லில் சிறு சன்னல் மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் நகப்பூச்சு பூசுவோம். (ஆமாம், கடையில் விற்கும் அதே நெயில் பாலிஷ்தான்.) அமிலத்தில் வைப்பதற்கு முன்னும் பின்னும் வைர முனையால் அழுத்தித் தடத்தை அளப்போம். தடம் பெரிதானால் எனாமல் மிருதுவாகிவிட்டது என்று பொருள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரில் இன்னொரு பல் இருக்கும். அந்த ஒப்பீடு இல்லாத சோதனைக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்களை என்ன சொல்வது!

டம்ளருக்கு உமிழ்நீர் சுரக்காது என்பதுதான் பெரிய கோளாறு. வாயில் பி.எச். சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் தாதுவை இழக்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவரும். அதனால்தான் 1982இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டென் காட்டேவும் டுய்ஸ்டர்ஸும் பல்லை அமிலக் கரைசலிலும் தாதுக் கரைசலிலும் மாற்றி மாற்றி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், எனாமல் துண்டுகளை மேலண்ணத் தகட்டில் பொருத்தித் தன்னார்வலர்கள் வாயிலேயே வைத்துப் பார்ப்பதும் உண்டு.

இப்போது லெமன் சோடா. கோலாவின் பி.எச். சுமார் 2.5. எலுமிச்சைச் சாறும் அதே கூட்டம்தான். சோடா ஊற்றினாலும் 5.5 பக்கம் எட்டிப்பார்க்காது. 'இயற்கை' என்பதற்காக அமிலம் சலுகை தராது. கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டர் நடையில் வேர்த்து, நா வறண்டு, உமிழ்நீர் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்து மலை சுற்றி முடியும் வரை மடக்கு மடக்காகக் குடித்தால், வாய் தேறுவதற்கு அவகாசம் ஏது? ஒரே மூச்சில் குடித்து, தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அரை மணி போகட்டும்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது; பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சொத்தைக்குள் புழு கிடையாது. செங்கல் பொடி பல்லை வெளுக்கவில்லை, தேய்க்கிறது. ஃப்ளோரைடு பேஸ்ட் விஷம் என்பவர்கள் தர்மபுரியைக் காட்டுகிறார்கள். அங்கே தொல்லை கொடுத்தது ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. பல் துலக்கித் துப்புகிற பேஸ்ட்டை அதோடு சேர்க்காதீர்கள்.

கடைசியாக, பௌர்ணமிக்குப் பந்தல் போடும் புண்ணியவான்களுக்கு: கலர் சர்பத் அண்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினாலும் அதே புண்ணியம்தான், செலவும் குறைவு.