யூரியா போடுமுன் இலையைப் பாருங்கள்

மாலை வகுப்பு முடியும் நேரம். ஓர் அண்ணன் கேட்டார்.

“தம்பி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு எடுத்து நெல் நட்டிருக்கிறேன். பக்கத்து வயலில் யூரியா போடுகிறார்கள். நானும் ஒரு மூட்டை போடலாமா?”

எனக்கு எங்கள் அப்பா நினைவு வந்தது. அவரும் ஒருமுறை அடுத்தவரைப் பார்த்துத்தான் போட்டார். பயிர் கரும்பச்சையாக வளர்ந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கதிர் முற்றும் நேரத்தில் மழை பெய்தது. பயிர் சாய்ந்துவிட்டது. யூரியா வாங்கிய பணமும் போனது. நெல்லும் போனது.

“அண்ணா, முதலில் பயிரிடம் கேட்போம்” என்றேன்.

தழைச்சத்து

யூரியாவில் இருப்பது தழைச்சத்து. அது குறைந்தால் இலை வெளுக்கும், தூர் குறையும். மிகுந்தால் பயிர் சாயும். புகையான் பூச்சியும் குலைநோயும் எளிதில் தாக்கும்.

மண்ணிலும் தழைச்சத்து உண்டு. மண்ணில் மட்கும் தழையையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதிலிருந்து தழைச்சத்து சிறிது சிறிதாக வெளிவருகிறது.

நம் ஆனைகட்டிப் பக்கம் ராகியும் சாமையும் மேட்டு நிலத்தில் விளைகின்றன. அங்கே மண்ணுக்குள் காற்று புகும். நெல்வயலில் தண்ணீர் நிற்கிறது. அடிமண்ணில் காற்று புகாது. அங்கே தழைச்சத்து அம்மோனியமாக மண்ணோடு ஒட்டி நிற்கும். வயல் காய்ந்தால் அது நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டினால், அதில் ஒரு பங்கு வாயுவாகப் பறந்துவிடும். ஆகவே நெல்வயலில் தழைச்சத்து கூடும், குறையும்.

மண் வள அட்டையைப் படியுங்கள்

மண் பரிசோதனை செய்தால் மண் வள அட்டை தருவார்கள். அதில் தழைச்சத்தின் அளவு இருக்கும். அதை நைட்ரஜன் என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு எக்டேருக்கு (இரண்டரை ஏக்கர்):

280 கிலோவுக்குக் கீழ் – குறைவு
280 முதல் 560 கிலோ வரை – நடுத்தரம்
560 கிலோவுக்கு மேல் – அதிகம்

இந்த அளவைக் காணப் பரவலாகப் பயன்படும் முறையை 1956-இல் சுப்பையா, அசிஜா என்ற இரு அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள்.

இலை வண்ண அட்டை

மண் பரிசோதனை நடவுக்கு முன் செய்வது. நட்ட பிறகு எப்போது உரம் வேண்டும் என்பதை இலையின் நிறம் சொல்லும். இதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. அதில் வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாக எண்கள் இருக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது:

1. நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.
2. காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பாருங்கள். ஒருவரே எப்போதும் பார்ப்பது நல்லது.
3. நோயில்லாத 10 குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையின் மேல் வையுங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலில் வையுங்கள்.
4. 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் 4-ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் உரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3-ஆம் எண்.

மழைக்காலப் பயிருக்கு ஒரு முறைக்கு ஏக்கருக்கு 12 கிலோ தழைச்சத்து போதும். அது ஏறக்குறைய 26 கிலோ யூரியா. ஒரு மூட்டை 45 கிலோ!

அண்ணன் மறுநாள் காலையில் அட்டையுடன் வயலுக்குப் போனார். 10 இலைகளில் 3 மட்டுமே வெளுத்திருந்தன. அந்த வாரம் அவர் யூரியா வாங்கவில்லை.

விடை சொல்லுங்கள்

1. அண்ணன் ஏன் யூரியா வாங்கவில்லை?
2. மண் வள அட்டையில் 310 என்று இருந்தால் அது குறைவா, நடுத்தரமா?
3. அரை ஏக்கருக்கு ஒரு முறைக்கு எத்தனை கிலோ யூரியா வேண்டும்?