மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டை

அரைப்பரீட்சை லீவு நெருங்கினால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளில் ஒரே பேச்சு. "பாண்டிச்சேரி போவமா?" பிள்ளைகள் ரீல்ஸில் மஞ்சள் சுவரைப் பார்த்திருக்கும். மச்சான் பாண்டிச்சேரிக்கு வேறு காரணம் வைத்திருப்பார். அத்தைக்கு மட்டும் ஒரே கேள்வி: "அங்க கோயில் இருக்கா?"

கோயில் இருக்கிறது, மணக்குள விநாயகர். ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் வெள்ளைக்காரன் கட்டிய கடற்கரை ஊரைப் பார்க்க வேண்டுமா என்பது என் கேள்வி. பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, தூத்துக்குடி–மணப்பாடு, கொல்லம் என நான்கு வழி நமக்கு உண்டு. பிரெஞ்சு, டேனிஷ், போர்ச்சுக்கீசியர், டச்சு, எல்லோரும் இந்த நான்கில் அடக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எத்தனை ராத்திரி தங்க முடியும், கூட யார் வருகிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

முதலில் பாண்டிச்சேரியைப் பேசித் தீர்த்துவிடலாம். நம் ஊர்களிலிருந்து பொதிகை ரயிலில் ஏறினால் விழுப்புரத்தில் பின்னிரவில் இறக்கிவிடும். தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பஸ். விடுதி அறை நண்பகலுக்குத்தான் கிடைக்கும். ஒரு முறை நாங்கள் காலை ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்து, பெட்டிகளோடு ஒரு விடுதி வரவேற்பறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தை அதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று ராத்திரி இருந்தால் மட்டும் பாண்டிச்சேரி போங்கள். இருந்தால், அது அருமையான ஊர்தான். 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் பிரெஞ்சு வீதிகள் அதற்குப் பிறகு எழுந்தவை. நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டதோ, அதற்கும் முன்னால் சில வருஷம் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வயதானவர்கள் பயமில்லாமல் நடக்கலாம். பாரதி 1908 முதல் பத்து வருஷம் தஞ்சம் புகுந்திருந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் காந்தி சிலைப் பக்கம் கடலோரம் பெரும்பாலும் பாறைக்கல். மணல் வீடு கட்டலாம் என்று வாளியோடு வரும் சின்னதுகள் ஏமாந்து போகும். சனி, ஞாயிறில் அறை வாடகை எகிறும். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தரங்கம்பாடி இதற்கு நேர் எதிர். செங்கோட்டையிலிருந்து மயிலாடுதுறை போகும் பகல் ரயில் நம் இரண்டு ஊரிலும் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் மாறாமல் போகலாம், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் முன்பு ரயில் ஓடியது, இப்போது பஸ்தான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் அச்சகம் வைத்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். அதற்கு மேல் கடலும் மௌனமும்தான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அரை நாளில் சலித்துவிடும்.

அதனால் தரங்கம்பாடிக்கென்று தனியாகக் கிளம்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ வந்தால் எப்படியும் திருக்கடையூர் போகத்தான் போகிறோம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. காலையில் மணையில் உட்கார்ந்த தம்பதியை சாயங்காலம் கோட்டை வாசலில் காற்று வாங்க வையுங்கள். எங்கள் மாமாவின் அறுபதாம் கல்யாண ஆல்பத்தில் கோயில் படங்களைவிட அந்தக் கோட்டைச் சுவர்ப் படங்கள்தான் நன்றாக இருக்கின்றன.

ஒரே நாள்தான் லீவு, ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றால் தூத்துக்குடி. கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகக் காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டில் அரை மணி நேரம் நில்லுங்கள். தூத்துக்குடியில் பழைய ஊர் வாசனை வேண்டுமானால் பனிமய மாதா பேராலயமும், டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய தேவாலயமும் இருக்கின்றன. போர்ச்சுக்கீசியர் கையில் இருந்த ஊரை 1658-ல் டச்சுக்காரர்கள் பறித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுக்கு எதிராக 1906-ல் இங்கிருந்துதான் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். இத்தனை கதை இருந்தும் ஊர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதில்லை. துறைமுகமும் உப்பளமும் லாரியுமாக வேலை செய்துகொண்டே இருக்கும் ஊர். எனக்கு அது பிடிக்கும், "பார்க்க என்ன இருக்கு?" என்பவருக்குப் பிடிக்காது.

அவர்களை மணப்பாடு கூட்டிப் போங்கள். திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்ட மணல் மேட்டின் மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். மேலே நின்றால் கடல் பல பக்கமும் தெரியும். கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அத்தையின் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது: போகிற வழியிலேயே திருச்செந்தூர் முருகன். விடியற்காலை கிளம்பி, முருகனைக் கும்பிட்டு, மணப்பாட்டில் கடல் பார்த்து, திரும்பும்போது தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கி வரலாம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. பெயரிலேயே ஐரோப்பிய வாடை. நாம் பால்கோவா ஊர்க்காரர்கள், இனிப்பில் சட்டென்று யாரையும் ஒத்துக்கொள்ள மாட்டோம். மக்ரூனை ஒத்துக்கொள்ளலாம். பையில் அடியில் வைத்தால் பொடியாகிவிடும். மடியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒரு விஷயம். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ல் முடியும். நம்மூர் ஆடிப்பூரத் தேரும் அதை ஒட்டித்தான் வரும். ஆண்டாள் தேரை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எவரும் வெளியூர் போகப் போவதில்லை என்பதால் அந்தத் தேதிகளைப் பேச வேண்டியதே இல்லை.

இரண்டு நாள், ஒரு ராத்திரி என்றால் என் ஓட்டு கொல்லத்துக்கு. நம் ஊர்கள் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்தில் தொடங்கி கொல்லத்தில் முடிகிறது. அதே ரோட்டில் தினமும் காய்கறி வாங்கப் போகிறோம்; அதன் மறுமுனையில் கடல் இருக்கிறது என்று யோசிப்பதில்லை. ஆனால் ரோட்டில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் ரயில் பகலில் மலை ஏறுகிறது. நேரத்தை மட்டும் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள். 1904-ல் திறந்த பாதை இது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் மூடி, 2018-ல்தான் செங்கோட்டை–புனலூர் மறுபடி திறந்தது. செங்கோட்டை தாண்டியதும் வறண்ட காற்று போய் ஈரக் காற்று முகத்தில் அடிக்கும். பகவதிபுரம் தாண்டி நீண்ட குகை. பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் ஆரியங்காவு. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். பாண்டிச்சேரி ரயிலில் தூங்கித் தொலைக்கும் நேரத்தை இங்கே ஜன்னலில் செலவழிக்கலாம். போகிற வழிதான் பயணத்தில் பாதி.

கொல்லத்தில் தங்கசேரிக்கு ஆட்டோ பிடியுங்கள். 1519-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய தோமா கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது சிதைந்த சுவர்தான். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1661-ல் டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர் என்று கைமாறிய இடம். சுற்றிலும் திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சி நடக்க, இந்தத் துண்டு நிலம் மட்டும் ஆங்கிலேயர் வசம் இருந்தது. சுதந்திரம் வாங்கும்போது அது நம் திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்திருந்தது. இதைக் கேட்டதும் மச்சான், "அப்ப நம்ம ஊருதான்" என்று சட்டமாக நடந்தார். 1902-ல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் உயரம் 41 மீட்டர். மேலே ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

மறுநாள் காலை அஷ்டமுடிக் காயலில் படகு. மன்றோ தீவு ஓடைகளில் துடுப்புப் படகு மெதுவாகப் போகும். முட்டி வலிக்காரர்களும் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். அத்தை அதில்தான் மனம் மாறினார்.

குறையும் உண்டு. கொல்லம் கடற்கரையில் அலை மோசம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் மழை கொட்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் இந்தப் பாதையில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆக, அரைப்பரீட்சை லீவில் போகிறவர்கள் முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போட வேண்டும். முடியாவிட்டால் காலாண்டு லீவுக்கோ பிப்ரவரி சனி ஞாயிறுக்கோ தள்ளிப் போடுங்கள். சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு வரும். வேண்டாதவர்கள் கடையில் முதலிலேயே "வெள்ளைச் சோறு" என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டுப் பொடியன் முதல் நாள் தட்டைப் பார்த்து அழுதான், இரண்டாம் நாள் மீன் குழம்போடு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.