அறுகோணக் கட்டங்களும் கணினி வரைபடங்களும்

சதுரங்கப் பலகையில் உள்ள கட்டங்கள் சதுரமானவை என்பதை நீங்கள் அறிவீர்கள். மேல்நாட்டு மேசை விளையாட்டுகள் சிலவற்றிலோ, நிலப்படம் முழுவதும் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களால் நிறைந்திருக்கும். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

சதுரத் தாளில் ஒரு கட்டத்தின் நடுவில் நின்று, பக்கத்துக் கட்டத்தின் நடுவிற்குச் செல்லும் தூரம் 1 எனக் கொள்வோம். மூலைக் கட்டத்திற்குச் சென்றால் அது ஏறத்தாழ 1.41 ஆகிவிடும். இரண்டையும் ஓர் அடியாகவே எண்ணினால், மூலைவழியே செல்பவனுக்கு ஆதாயம் கிடைக்கும், ஆட்டம் நேர்மையற்றதாகும். அறுகோணத்திலோ சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் ஒரே தூரத்தில் அமைந்துள்ளன. அமெரிக்காவில் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் நிறுவிய அவலான் ஹில் நிறுவனம், 1958இல் சதுரக் கட்டங்களுடன் வெளியிட்ட ‘கெட்டிஸ்பர்க்’ என்னும் போர் விளையாட்டை, 1961இல் அறுகோணக் கட்டங்களுடன் மீண்டும் வெளியிட்டது.

தோட்டத்துப் பெற்றோருக்கு இது புதிதன்று. செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடும்போது ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஆறு மரங்கள் சம தூரத்தில் நிற்கின்றன. சதுர முறையில் நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 123 மரங்களே அமையும். முக்கோண முறையில் ஏறத்தாழ 143 மரங்கள் அமையும். பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கற்பனைப் பயண விளையாட்டு வெளிவந்தது. அதன் 1981ஆம் ஆண்டு விதிநூலின்படி, சுமை குறைந்தவன் ஒரு நாளில் 24 மைல் நடப்பான். ஒரு கட்டம் 6 மைல் என்றால் சமவெளியில் நான்கு கட்டங்கள் கடப்பான். மலையில் வேகம் பாதியாகி இரண்டே கட்டங்கள். ஆகவே, எந்தக் கட்டம் காடு, எது மலை என்று வரைபடம் தெளிவாகக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் பயணக் கணக்கே தவறிவிடும்.

முன்பெல்லாம் இப்படங்களைக் கையால் வரைந்து வண்ணம் தீட்டினர். ஒரு மலையை இடம் மாற்ற நினைத்தால் தாளையே கிழித்தெறிய நேரும். இன்று ஹெக்சோகிராஃபர், அதன் பின் வந்த வேர்ல்டோகிராஃபர் போன்ற மென்பொருள்கள் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன. காடு, சதுப்பு, கடல் என ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தைத் தொட்டால் அக்கட்டம் அவ்வாறே மாறும். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் நிலவகையும் கணினியில் பதிவாகின்றன. 0304 என்றால் மூன்றாம் நிரலில் நான்காம் கட்டம் என்பது பெருவழக்கு.

தூரம் அறிய மற்றொரு முறை உண்டு. இது மிக அழகியது. தயவுசெய்து பென்சிலுடன் படியுங்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் மூன்று எண்கள் தருவர். அவற்றின் கூட்டுத்தொகை எப்பொழுதும் பூச்சியம். ஒரு கட்டம் நகர்ந்தால் ஓர் எண் 1 கூடும், வேறோர் எண் 1 குறையும், மூன்றாவது மாறாது. இதற்கு ஆறே வழிகள் உள்ளன. அவையே ஆறு திசைகள். இப்போது (0, 0, 0) இலிருந்து (3, -1, -2) வரை எத்தனை கட்டங்கள்? குறியை நீக்கி மிகப் பெரிய எண்ணைக் காண்க. விடை 3.

அறுகோணத்திற்கும் ஒரு குறை உண்டு. கட்டங்கள் வடக்கு தெற்காக அடுக்கப்பட்டிருந்தால், நேர் கிழக்கே செல்பவன் வளைந்து வளைந்தே செல்ல வேண்டும். எந்த மென்பொருளாலும் இதை நீக்க இயலாது. ஆறு எங்கே தோன்றிக் கடலில் எங்கே கலக்கும் என்பதையும் மென்பொருள் நமக்காகச் சிந்தித்துத் தருவதில்லை. மலைக்கு மேல் ஏறும் ஆற்றை வரைந்தாலும் அது மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். வரைபவர் புவியியல் அறிந்திருத்தல் வேண்டும்.

கணினி இல்லாத பிள்ளைகள் கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தால் சுற்றளவை ஆறாகப் பிரித்து, புள்ளிகளை இணைத்து அட்டையில் வெட்டிக் கொள்ளலாம். அவ்வட்டையைச் சுற்றிக் கோடு வரைந்து, பக்கத்தில் நகர்த்தி மீண்டும் வரைந்தால் ஒரு தாள் முழுவதும் இடைவெளியின்றி நிறைந்துவிடும்.