உடல் நோயும் உள்ளத்தின் சுமையும்

உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றின் நலனும் சேர்ந்ததே ஆரோக்கியம் என உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு அமைப்புச் சட்டம் வரையறுத்தது. இதன் பொருளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தெளிவாகக் காணலாம். ஓயாத தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல் என்று வருவோரில் சிலருக்குப் பரிசோதனையில் எக்குறையும் தென்படுவதில்லை. எனினும் அவர்களது வேதனை பொய்யன்று. கடன், குடும்பப் பூசல், தனிமை ஆகியவற்றால் நீடிக்கும் மன அழுத்தம் அட்ரினலின், கார்ட்டிசால் சுரப்புகளை மிகுவித்து, இரத்த அழுத்தத்தையும் செரிமானத்தையும் பாதிக்கிறது. மறுபுறம், நீரிழிவும் இதய நோயும் உடையோரிடம் மனச்சோர்வு மிகுதி. சோர்வுற்றவர் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிட, நோய் முற்றுகிறது.

திருவனந்தபுரத்தின் மனநல மருத்துவமனை 1870இல் தோன்றியது. நெடுங்காலம் இத்தகைய தனி மருத்துவமனைகளே மனநலச் சிகிச்சைக்குப் புகலிடமாக இருந்தன. 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டம் அச்சிகிச்சையைப் பொதுச் சுகாதாரப் பணியுடன் இணைக்க முற்பட்டது. கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தில், 'ஆஸ்வாசம்' திட்டத்தின் வழியே குடும்ப சுகாதார மையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டறிய வகை செய்யப்பட்டது.

உடலை முறையாகச் சோதித்த பின், நோயாளியின் இல்லச் சூழலையும் வினவுவது மருத்துவரின் கடமையாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. பயிற்சியும், செவிமடுக்கச் சற்று அவகாசமுமே வேண்டும்.