கல்வராயன் மலை அருவிகள்

அருவி என்றவுடன் குற்றாலமும் ஒகேனக்கல்லும் நம் நினைவிற்கு வரும். ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்குச் சென்று நீராடி மகிழ்கின்றனர். ஆயினும், பெயர் பரவாத அருவிகளும் தமிழகத்தில் பல உள. கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை அத்தகைய அருவிகள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இதனை இரு பகுதிகளாக வழங்குவர். முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. மலையின் ஒரு பகுதி இம்மாவட்டத்தில் உள்ளது.

கச்சிராயபாளையத்தின் வழியாக மலையேறுவோர் அடிவாரத்தில் கோமுகி அணையைக் காணலாம். அதனைக் கடந்து வளைந்து செல்லும் பாதை கரியாலூரையும் வெள்ளிமலையையும் அடைகின்றது. மலையில் உள்ள அருவிகளுள் பலரும் அறிந்தது பெரியார் அருவி. மேகம், கவியம், சிறுகலூர் முதலிய அருவிகளை அறிந்தோர் சிலரே. சாலையை விட்டு விலகி நடப்போர்க்கே இத்தகைய அருவிகளின் அழகு புலனாகும். மரவள்ளிக் கொல்லைகளும் சாமைப் புனங்களும் இடையிடையே தோன்றும். அருவியின் ஓசை முதலில் மெல்லெனக் கேட்கும். நடக்க நடக்க அது பெருகும். பின்னர் மரங்களின் இடையே வெள்ளிய நீர் கரும்பாறையில் வீழ்வது கண்ணுக்குத் தோன்றும்.

இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பதே இப்பெயரின் பொருள் என்பர். கேரள நாட்டாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தனர் என்பது இவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தாரர்களின் உடைமையாக இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்ற பின்னரும் அந்நிலை உடனே மாறவில்லை. உழுதவர் வேறு, நிலத்திற்கு உரியவர் வேறு என்றே வாழ்க்கை நடந்தது. 1976ஆம் ஆண்டிலேதான் அரசு ஜாகீர்களைத் தன்பால் ஏற்றுக்கொண்டது. ஆதலின், ஒரு கொல்லையின் ஓரமாக நடந்து செல்வோர், அந்நிலத்தின் அருமையை உணர்ந்து நடத்தல் வேண்டும். வேலியைச் சிதைத்தலும், பயிரை மிதித்தலும், கேளாமல் கிழங்கைப் பறித்தலும் பெருந்தவறாகும். கொல்லைக்குரியோர் வழிவிடுவது அவர்தம் பெருந்தன்மை.

மழை நின்ற பின்னரும் அருவி ஓடுவது எங்ஙனம்? காட்டின் தரையில் உதிர்ந்து மட்கிய இலைகளும், மரவேர்கள் துளைத்த மண்ணும் மழைநீரை உறிஞ்சுகின்றன. அந்நீர் பாறை வெடிப்புகளின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து ஓடைகளைச் சேர்கின்றது. காடு அழியின் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்து ஓடிவிடும். சில நாள்களில் அருவி வறண்டு பாறையே எஞ்சும்.

அருவிக்கு அழகோடு அச்சமும் உண்டு. பாசி படர்ந்த பாறை காலை வழுக்கும். அருவியின் அருகே வானம் தெளிந்திருப்பினும், மலையுச்சியில் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பெருகக்கூடும். ஆகவே, வனத்துறையினர் தடுக்கும் நாள்களில் நீரில் இறங்குதல் கூடாது.

மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகளின் வழியே கோமுகி அணையை நிரப்புகின்றது. 46 அடி உயரம் நீர் தேக்கும் அவ்வணை, கீழேயுள்ள வயல்களை வாழ்விக்கின்றது. மலைமேல் எறியப்பட்ட குப்பையும் அதே நீரோடு இறங்கி வரும். மேலே வாழ்வோர் காட்டைக் காக்க, கீழே வாழ்வோர் சோறுண்கின்றனர். அருவியைக் காணச் செல்வோர் இவ்வுறவை மறவாதிருத்தல் வேண்டும்.